கழன்றுகொண்டே இருந்த வயர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. என் கணவர் பாலகுமார் கடலூரிலிருந்து சிதம்பரம் திரும்பிய ஒரு சாயங்காலம், சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றபடி என்னிடம் சொன்னது. சொல்லி முடித்ததும், "இத கதையா எழுதி வச்சிடாத சத்யா" என்றார். அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால் எனக்கு எழுதத் தோன்றியே இருக்காது. எழுதுகிறவர்களின் புத்தி அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'அந்த வீட்டில் எல்லோருடைய செல்போனிலும் நெட் ஓடியது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்—'

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் நோட்டீஸ் போல இருந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்து:

'மாமனார்களை நம்பலாமா என்று கேட்டால்—'

இதை உடனே அழித்தேன். முதல் வரியிலேயே ஒருவரைக் கூண்டில் ஏற்றிவிட்டு, பிறகு என்ன கதை வேண்டியிருக்கிறது?

ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். அலங்காரம் வந்தால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன்.

2

சிந்துஜா என் நாத்தனார், பாலகுமாரின் தங்கை. சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்து கடலூருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவன் எழிலனுக்கு ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீடு தேவனாம்பட்டினம் போகிற சாலையில் இருக்கிறது. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் மூன்றாவது ஆள் எழிலனின் அப்பா சிங்காரம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூர்–சிதம்பரம் வழியிலேயே பாதி ஆயுசு ஓடியது. அவர் மனைவி இருசம்மாள் இல்லை.

(இந்த 'இல்லை'க்குப் பின்னால் ஒரு பெரிய சங்கதி இருக்கிறது. சொல்வதா வேண்டாமா என்று இந்த இடத்தில் எனக்குத் தெரியவில்லை.)

சிந்துஜாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே, மருத்துவக் காப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்க வேண்டும். கம்பெனிச் சட்டம் கறார்: செல்போன் நெட் கூடாது, வைஃபை கூடாது, கம்ப்யூட்டரில் வயர் செருகித்தான் வேலை செய்ய வேண்டும்.

எழிலனுக்கு இதில் விருப்பமில்லை. "என் ஒரு சம்பளம் போதாதா, எதுக்கு இந்த ரோதன?" என்றான். அப்போது அவளுக்காகப் பேசியவர் சிங்காரம்தான்.

"படிச்ச பொண்ண கூட்டியாந்து குழம்பு வச்சிகினு இருன்னு சொல்றியா? குழம்பு நான் வைக்கிறேன், நீ போ."

சொன்னபடியே வைத்தார்.* அவள் மீட்டிங்கில் இருக்கும்போது டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவைத் தட்டாமல் டீயை மேசை ஓரம் வைத்துவிட்டுப் போவார்.

* அவர் வைக்கிற நெத்திலிக் குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன். கதையில் ஒருவர் இவ்வளவு நல்லவராக வந்தால் வாசகர்கள் உஷாராகிவிடுவார்கள் என்று தெரியும். அதற்காக அவர் செய்ததைச் செய்யவில்லை என்று எழுத முடியாது.

3

வேலை நன்றாகப் போனது. பயிற்சிக் காலம் முடிய இருக்கும்போது கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. நிரந்தரம் ஆகிறவர்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். சிந்துஜா குதித்தாள். எழிலனும் மாறிவிட்டான். அங்கேயே ஒரு வேலை தேடிக்கொள்ளலாம் என்றான். சிங்காரத்திடம், "நீயும் வாப்பா" என்றார்கள். "பாக்கலாம் பாக்கலாம்" என்றார் அவர். வர மாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் நெட் போக ஆரம்பித்தது.

முழுக்கப் போகாது. அதுதான் கொடுமை. ஓடும், திணறும், நிற்கும், தானாக வரும். மேலதிகாரி பேசிக்கொண்டே இருக்கும்போது திரையில் அவர் வாய் திறந்தபடி உறைந்துவிடும். மறுபடி இணைப்பு வரும்போது அவர் கோபமாக எதையோ முடித்திருப்பார்.

பாலகுமார் இங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவர். போனில் தங்கைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

"ரூட்டர ஆஃப் பண்ணிட்டு கொஞ்சம் பொறுத்து போடு."

"போட்டுட்டண்ணா."

"உன் போன்ல வைஃபை ஓடுதா?"

"ஓடுது. மாமா போன்லயும் ஓடுது. இதுல மட்டுந்தான் மக்கர் பண்ணுது."

அப்படியானால் லைனில் கோளாறில்லை, கம்ப்யூட்டரில்தான் என்று முடிவாயிற்று. நெட் கம்பெனி ஆளும் வந்து, ரூட்டரில் தன் வயரைப் போட்டு லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, "லைன் சூப்பரா இருக்குக்கா, உங்க சிஸ்டம்தான்" என்றான். வைரஸ் தேடினார்கள். தேவையில்லாமல் பின்னணியில் ஓடிய புரோகிராம்களை நிறுத்தினார்கள். கரண்டை மிச்சப்படுத்த நெட்வொர்க் கார்டு தானாகத் தூங்கிவிடும் ஓர் ஏற்பாடு இருக்கிறதாம், அதையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு நன்றாக ஓடும். மறுநாள் பழையபடி.

"எனக்குன்னு வந்தா மட்டும் இப்படி ஆவுது" என்று போனிலேயே அழுதாள் சிந்துஜா.

4

பாலகுமார் நேரில் போனார்.

ரூட்டர் ஹாலில், டிவிக்கு மேலே. அங்கிருந்து வயர் சுவரோரமாக ஓடி, ஒரு ஓட்டை வழியாக அவள் அறைக்குப் போகிறது. ரூட்டரில் செருகுகிற முனையில் இருக்கும் பிளக்கைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். செருகினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். அது உடைந்திருந்தது. பிடிமானம் இல்லாததால் பிளக் தானாக நழுவி, பட்டும் படாமலும் நின்றது.

"இவ்ளோதான் விஷயம்!" என்று சிரித்துக்கொண்டே புதுப் பிளக் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று சிந்துஜா அண்ணனுக்கு ஆட்டுக்கறி எடுத்தாள்.

சில நாள் கழித்து அதே புகார். திரும்பப் போனார். புதுப் பிளக்கின் நாக்கும் இல்லை. சுத்தமாக, வேரோடு.

'பாலகுமார் அந்தப் பிளக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு—'

(இந்த இடத்தில் அவர் மனதுக்குள் ஓடியதை ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவரிடம் காட்டினேன். "நான் ஒண்ணும் நெனைக்கல. திரும்பி பாத்தேன், அவ்ளோதான்" என்றார். பத்தியை எடுத்துவிட்டேன்.)

திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் சிங்காரம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் டிவியைப் பார்க்கவில்லை.

"என்னா தம்பி, சரியாயிடுமா?"

"ஆயிடும் மாமா."

"சரியாயிட்டா அது மெட்ராஸ் போயிடுமில்ல?"

உள்ளே சிந்துஜா யாரிடமோ போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாலகுமார் இன்னொரு புதுப் பிளக்கை வைத்து, செருகி, இழுத்துப் பார்த்துவிட்டு, தங்கையிடம் "பிளாஸ்டிக் மட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

தான் கண்டுபிடித்துவிட்டது பெரியவருக்குத் தெரிந்துவிட்டது, இனி செய்ய மாட்டார் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செய்தார். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து சிந்துஜாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. இணைப்பு நம்பும்படி இல்லை, பயிற்சியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

5

இங்கே சிங்காரத்தோடு எனக்குப் பெரிய தகராறு.

முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதினேன். கண்ணைச் சுருக்க வைத்தேன், தனியாகச் சிரிக்க வைத்தேன். நான் அறிந்த மனிதருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிழித்தேன்.

இரண்டாவது பிரதியில் இருசம்மாளைக் கொண்டுவந்தேன். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை மீன் வாங்கக் கரைக்குப் போனவர் திரும்பவில்லை. சிங்காரம் அப்போது சிதம்பரம் ட்ரிப்பில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். 'ஒரு முறை காலியான வீட்டைப் பார்த்தவருக்கு, இன்னொரு முறை—' என்று எழுதிப் படித்துப் பார்த்தேன். எனக்கே அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அன்று அதே கரையில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் யாரும் மருமகளின் வயரைப் பிடுங்கவில்லை. செத்துப்போன பெண்மணியை இழுத்துவந்து இவருக்காக வக்காலத்து வாங்க வைப்பது நியாயமாகப் படவில்லை. அந்தப் பகுதியை அழித்துவிட்டேன்.

(அழித்துவிட்டேன் என்கிறேன். நீங்கள் படித்துவிட்டீர்கள். இப்போது உங்களுக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். அதை என்னால் திரும்ப வாங்க முடியாது.)

6

மனம் கேட்காமல் நானே ஒரு முறை போனேன். திருவந்திபுரம் கோயிலுக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

சிந்துஜா இளைத்திருந்தாள். தலை வாரவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ சமையல் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

"பாத்தீங்களா அண்ணி? வேல போனதுக்கப்பறம் ஒரு நாளுகூட நெட்டு போவல. எவ்ளோ திமிரு பாருங்க இதுக்கு."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, உனக்கும் மிஷினுக்கும் ஒத்துவராதுன்னு. அப்படித்தான் போலருக்கு. காலேஜ்லயும் நான் தொட்டாதான் பிரிண்டர் நிக்கும்."

"அப்படியெல்லாம் இல்ல சிந்து" என்றேன்.

கிளம்பும்போது சிங்காரம் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். நிறுத்தத்தில் நின்றதும், என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி கேட்டார்.

"தம்பி உங்கிட்ட சொல்லிச்சாம்மா?"

தலையாட்டினேன்.

"போவாத பாப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அது நின்னிருக்கும். எனக்கு தெரியும். அத கேக்க வாய் வரல. கைதான் வயருக்கு போயிடிச்சு."

"நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க மாமா."

"சொல்றேன்."

பஸ் வந்தது. படியில் நின்ற கண்டக்டரிடம், "நம்ம பொண்ணு, சிதம்பரம். உக்கார எடம் பாத்து குடுப்பா" என்றார்.

மழைக்காலம் போய் மார்கழியும் வந்துவிட்டது. அவர் சொல்லவில்லை.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் சிங்காரம் அவளிடம் உண்மையைச் சொல்கிறார். அவர் வாய் திறக்கும்வரை எழுத வந்தது. அதற்கு மேல் அவருக்கு என்ன வார்த்தை கொடுப்பது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

இன்னொன்றில் பாலகுமார் எழிலனிடம் சொல்கிறார். எழிலன் கோபக்காரன். அப்பாவை அந்த வீட்டில் வைத்திருக்க மாட்டான். "மச்சான்கிட்ட சொன்னா அந்தக் குடும்பம் ரெண்டாயிடும் சத்யா" என்பார் இவர். உண்மை. ஆனால் இப்போதும் அந்தக் குடும்பம் முழுசாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருத்தி தன்னைத்தானே குறை சொல்லிச் சொல்லி—

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம்.)

யாரும் எதுவும் சொல்லாத முடிவும் இருக்கிறது. அதை நான் எழுத வேண்டியதே இல்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இங்கே எழுதிக்கொண்டிருந்தபோதுதான் சிந்துஜா கூப்பிட்டாள். பகல் சாப்பாடு முடிந்த நேரம். பாலகுமார் எதிரே உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, புதுசா ஒரு கம்பெனில இன்டர்வியூக்கு கூப்பிட்டிருக்காங்க. அதே மாதிரி வேலதான். வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"ஏன்டி?"

"திரும்ப அதே அசிங்கம் ஆவும். எல்லார் முன்னாலயும். ஒண்ணு மட்டும் கேக்கணும். அண்ணன் வந்து பாத்தப்ப உங்ககிட்ட எதுனா சொல்லிச்சா? கோளாறு நெசமாவே எதுல இருந்துச்சு? நான்தான் எதயாவது தப்பா பண்ணிட்டனா? அது தெரிஞ்சா போதும் அண்ணி. அதுக்கப்பறம் எதுவா இருந்தாலும் பாத்துக்குவேன்."

பாலகுமார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கும் சத்தம். பிறகு சிங்காரத்தின் குரல், தூரத்திலிருந்து: "யாரு, சத்யாவா? நல்லாருக்காளான்னு கேளு."

"மாமா உங்கள கேக்குறாரு அண்ணி."

நான் வாயைத் திறந்தேன்.

அடுத்து வந்த வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், நான் செய்தது சரியா தப்பா என்று மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் போனை உங்கள் கையில் தருகிறேன். பாலகுமார் உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு பெரியவர் வாசற்படியில் நிற்கிறார்.

"அண்ணி? இருக்கீங்களா?"

உங்களைத்தான் கேட்கிறாள்.