ஏணி கையில் பந்து

சலவைக்கூடத்துப் பெண்களின் கூடைப்பந்து அணியில் அவளுக்கு ஏணி என்று பேர். ஆளைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். கூடைக்குக் கீழே நிற்க வேண்டும், விழுகிற பந்தைப் பிடிக்க வேண்டும், உடனே, எல்லோரும் அண்ணி என்று கூப்பிடுகிற மூத்தவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. தரையில் தட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் கொண்டுபோவதெல்லாம் அண்ணி பாடு. அண்ணி தட்டினால் பந்து முட்டிக்கு மேல் எழும்பாது, எந்தக் கொம்பனாலும் பறிக்க முடியாது. ஏணி தட்டினாலோ பந்து இடுப்புவரை எழும்பி, வந்து எடுத்துக்கோ என்று ஊரையே கூப்பிடும்.

இப்போது அண்ணிக்கு முட்டி போச்சு. ஓடவே கூடாது, மூலையில் நின்று கூடைக்கு எறியலாம் என்றுவிட்டார் டாக்டர். அப்புறம் பந்தை யார் கொண்டுவருவது? பேக்கரிப் பெண்ணைச் சேர்த்துக்கொள்வோம் என்றார் மெக்கானிக். சலவை மெஷின்களையும் இந்த அணியையும் ஓட்டுகிறவர் அவர்தான். அவள் உள்ளே வந்தால் அண்ணி வெளியே. அண்ணி இல்லாமல் என்ன ஆட்டம் வேண்டிக்கிடக்கிறது? நானே கொண்டுவருகிறேன் என்று வாயை விட்டாள் ஏணி. எங்கே, அண்ணியைத் தாண்டிக் காட்டு என்றார் அவர்.

அண்ணி விட்டுக்கொடுப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போகப்போவது அவளுடைய இடம்தானே? அந்த மகராசியா விடுவாள்! முட்டியில் பட்டையைச் சுற்றிக்கொண்டு நட்டநடுவில் நின்று, ஏணி வரும்போதெல்லாம் பந்தைப் பறித்தாள். ஏணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"கொஞ்சம் விட்டுக்குடுங்களேன் அண்ணி," என்றாள் மெதுவாக.

"நான் விட்டா, மேட்ச்ல எதிராளி விடுவாளாடி? பந்தையே பாக்காதே. என்னைப் பாரு."

பார்த்தாள். வருஷக்கணக்காகப் பார்க்கிற ஆள்தானே! தினமும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து பெட்ஷீட் மடிக்கிறவர்கள் இவர்கள் இரண்டு பேரும். மடிக்க வரும்போது அண்ணி எப்போதும் இடது காலைத்தான் முன்னே வைப்பாள், இடது கைதான் முதலில் நீளும். ஏணியும் அதற்குத் தகுந்தபடி தன் முனையைக் கொடுத்துப் பழகியவள்.

முட்டியை மடக்கிக் குனிந்து தட்டிக்கொண்டு வந்தாள். அண்ணியின் இடது கால் அசைந்தது. கை நீள்வதற்குள் பந்தை மறு கைக்கு மாற்றி, அண்ணியின் வலப்பக்கமாக நழுவிவிட்டாள்.

கூத்து அதற்குப் பிறகுதான். கூடைவரை போய்ச் சேர்ந்தவள், எறிய வேண்டியதை விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு அண்ணியைத் தேடினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் போய் அந்த மூலையில் நில்லுங்கள் என்று அண்ணியிடம் சொன்னார்.

அண்ணி நொண்டிக்கொண்டே போய் நின்றாள். அவளுக்காக இன்னொருத்தி பந்தைக் கொண்டுவந்து நிற்பது இதுதான் முதல் தடவை. கையை நீட்டினாள், இடது கையைத்தான்.

"கொண்டு வந்துட்டே இல்ல? குடுடி."

ஏணி கொடுத்தாள்.