திருட்டுக் கொடி

"கேட்டு வாங்குனா மணி பிளான்ட் தழைக்காதாம்க்கா. திருடித்தான் வைக்கணுமாம்."

"அப்பத் திருடிக்கோத்தா. நான் அந்தப் பக்கம் போயி டீ போடுறேன்."

பதினோரு வருடங்களுக்கு முன்பு இதே கூடத்தில் நடந்த பேச்சு. இப்போது கூடத்தின் நடுவே, பெஞ்சில், மாலைகளுக்கு அடியில் சுப்புத்தாய் படுத்திருந்தார். ஜோதிலட்சுமி தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த இருவரில் மூத்தவர் சுப்புத்தாய், குடித்தனம் இங்கே சின்னமனூரில். இளையவள் ஜோதி, வீரபாண்டியில்.

காலையில் குளித்துவிட்டு, கொடியின் இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாராம். செத்த உட்காருகிறேன் என்று நாற்காலியில் சாய்ந்தவர்தான். பாயில் கிடந்து சீரழியாத சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஜோதிக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

டிவி மேல் இருந்த பாட்டிலில் கிளம்பி, ஆணிக்கு ஆணி தாவி, கல்யாணப் போட்டோவைச் சுற்றிக்கொண்டு டியூப் லைட் வரைக்கும் போயிருந்தது கொடி. வெளிச்சம் உண்டு, வெயில் படாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவதோடு சரி. சுப்புத்தாய் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாலும் வாடாமல் நிற்கும். ஜோதி வீட்டில் தினமும் தண்ணீர் மாற்றி, நாலு தரம் எட்டிப் பார்த்தும், பத்தே நாளில் அழுகிவிடும்.

அதனால் வரும்போதெல்லாம் திருடினாள். அவளுக்காகவே சுப்புத்தாய் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவார். திரும்பி வருமுன் "சீனி போதுமா?" என்று ஒரு குரல் வரும். அதற்குள் கிள்ளிப் பையில் போட்டுவிட வேண்டும்.

போன மாதம்தான் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, சுப்புத்தாய் சிரிப்பை அடக்க மாட்டாமல் சொன்னார்.

"இத்தன வருசமாத் திருடுற, ஒழுங்காத் திருடத் தெரியலையே. அவசரத்துல கணுவ விட்டுட்டுக் கிள்ளுற. வேரு கணுவுலதான விடும்? ஒருக்காக் கேட்டுத்தான் பாரேன்."

ஜோதி கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டால் அந்தப் பாத்திரச் சத்தம் நின்றுபோகும் என்றும் இருந்தது.

பக்கத்து வீட்டு அய்யம்மாள் வந்து குனிந்தாள். நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் வந்ததும் குளிப்பாட்டித் தூக்கிவிடுவார்கள், தூக்கியதும் வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிக் கழுவ வேண்டும் என்றாள். குடமும் அண்டாவும் வாசலுக்குப் போயிருந்தன. பிறகு டிவியைப் பார்த்தாள்.

"அந்தப் பாட்டிலும்தான். எழவு வீட்டுத் தண்ணியில நின்ன கொடி. குப்பைக்குத்தான் போகணும்."

அய்யம்மாள் நகர்ந்ததும் ஜோதி எழுந்து கொடியருகே போனாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. விரல் தண்டைத் தடவிக் கணுவைக் கண்டுபிடித்தது. அதற்குக் கீழே நகம் பதிந்தது. பழக்கத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

அங்கே ஒரு சத்தமும் இல்லை.

கையை எடுத்துக்கொண்டாள்.

தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஜோதி பெஞ்சருகே போய், சுப்புத்தாயின் நெற்றியில் ஒட்டியிருந்த ரோஜா இதழை எடுத்துவிட்டு, காதோரம் குனிந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு கெளை குடுங்க. கணுவோட."