பக்கத்து வீட்டு விசாரணை

...பக்கத்து வீட்டு எட்மண்ட்தான், வேறு யார் இருக்க முடியும், அந்த ஆளைத் தவிர அந்தத் தெருவில் நம் குடும்பத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல யாருக்கு வாய் வரும்... தேவானந்தம் வங்கியின் இரும்பு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார், சாய்ந்து உட்கார்ந்தால் கடன் கேட்க வந்தவர் மாதிரி இருக்கும், அவர் வந்திருப்பது நியாயம் கேட்க. பக்கத்தில் மகன் ஜாய்சன் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான். நீங்க வர வேண்டாம்ப்பா, நானே பேசிக்கிறேன் என்று காலையில் சொன்னான், நீ பேசிய லட்சணம்தான் தெரிகிறதே, மூன்று வங்கிகள் கைவிரித்துவிட்டன, மாதச் சம்பளம் இல்லையா, அப்படியானால் கஷ்டம் சார் என்று சிரித்துக்கொண்டே அனுப்பின. இந்த நான்காவதுதான் இரண்டு வருட வருமான வரிக் கணக்கு இருந்தால் போதும் என்றது, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது, அதை நம்பி மாடம்பாக்கத்து வீட்டுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று, மருமகள் ஈவ்லின் ஜன்னல் திரைக்குத் துணிகூட எடுத்துவிட்டாள், அப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு வரி, விசாரணை அறிக்கை திருப்தியாக இல்லை. திருப்தியாக இல்லையாம்! யாருடைய குடும்பத்தை விசாரித்துவிட்டு யாருக்குத் திருப்தி இல்லை? மாத முடிவுக்குள் கடன் வராவிட்டால் கட்டுகிறவன் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான், முன்பணமும் போகும், அதைவிட, தேவானந்தத்தின் மகனுக்கு வங்கி கடன் மறுத்தது என்று ஒரு பேச்சு... அந்தப் பேச்சு சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றிவர எத்தனை நேரம் பிடிக்கும்?

அவர் வீடு கட்டியபோது இந்த அவமானமெல்லாம் உண்டா, ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை, நிரந்தர உத்தியோகம், மேலதிகாரி ஒரு கையெழுத்துப் போட்டார், பணம் வந்தது, யாரும் வந்து வாசலைப் படம் பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டில் போய் இவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்கவில்லை. இப்போது என்னடா என்றால் வங்கி ஒரு பொடியனை அனுப்புகிறது, அவன் செருப்போடு உள்ளே வந்து பெயர்ப் பலகையைப் படம் பிடிக்கிறான், மாடியறையைப் படம் பிடிக்கிறான், கண் மருத்துவரிடம் போயிருந்த தேவானந்தம் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, பக்கத்து வீட்டுலயும் போய் விசாரிச்சாங்க மாமா, எட்மண்ட் அங்கிள் ரொம்ப நேரம் பேசினாரு, காப்பிகூடக் கொடுத்தாரு என்று ஈவ்லின் சொன்னபோதே புரிந்துவிட்டது. ரொம்ப நேரம் பேசினாராம். அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது? நல்ல குடும்பம் என்பதற்கு இரண்டு வார்த்தை போதும், காப்பி கொடுத்துப் பேசுகிற பேச்சு வேறு... திருச்சபைக் கமிட்டித் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நின்று தேவானந்தத்திடம் தோற்றவன் அல்லவா, அன்றைக்குக் கைகுலுக்கிய கை எவ்வளவு சில்லென்று இருந்தது, அடுத்த மழைக்கு முன்னால் தன் வீட்டு முற்றத்தில் கட்டடக் கழிவைக் கொட்டி மேடாக்கினான், அந்தத் தண்ணீரெல்லாம் இங்கே வந்து நின்றது, கேட்டால், நா இன்னா பண்றது தேவா அண்ணே, தண்ணி பள்ளத்தத் தேடித்தான போவும் என்று ஒரு சிரிப்பு. பள்ளமாம், பள்ளம்!

அது போகட்டும், மழை நின்றால் தண்ணீர் வடிந்துவிடும், அவனுடைய கண் வடியாது. ஜாய்சனைக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கிய வாரமே மோப்பம் பிடித்துவிட்டான். பன்னிரண்டு வருடம் உழைத்தவனை ஒரு மத்தியானத்தில், அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, போய் வா என்று சொன்ன கம்பெனி... அந்தப் பெயரை இப்போது நினைத்தாலும் நாக்கு கசக்கிறது. அதற்குப் பிறகு வேறு இடத்தில் நிரந்தரமாகச் சேர வேண்டியதுதானே, சேரவில்லை, சொந்தமா பண்றேன்ப்பா, கான்ட்ராக்ட்ல வெளிநாட்டு வேலை வருது என்றான், மாடியறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எட்மண்ட் வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பூச்செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரி, இன்னா தேவா அண்ணே, தம்பி காரு நவுரவே மாட்டேங்குது, ஆபீஸ் கீபீஸ் இல்லியா என்றான். சொல்லிவிட முடியுமா, என் பிள்ளையை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று, அந்த ஆளிடம், அந்தச் சிரிப்பிடம்? என்ன பதில் சொன்னோம் அன்றைக்கு... என்னமோ சொன்னோம், வாயை அடைத்தோம், அவ்வளவுதான். குடும்ப மானத்தைக் காப்பதற்கு யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. டோக்கன் எண் மாறியது. நம்மதுதான்ப்பா, ஜாய்சன் எழுந்தான், உள்ள கோபப்படாதீங்க. கோபமா, நான் எங்கே கோபப்பட்டேன்?

மேலாளர் ஹேமாவதி, சின்னப் பெண், மகள் வயதுகூட இருக்காது, ஆனாலும் எழுந்து வணக்கம் சொன்னாள், அது ஒன்றுதான் இந்த இடத்தில் ஒழுங்காக நடந்தது. தேவானந்தம் உட்காருமுன்னே ஆரம்பித்துவிட்டார், அம்மா, எங்க குடும்பம் அந்தத் தெருவுல முதல்ல வீடு கட்டின குடும்பம், எங்களைப் பத்தி ஒருத்தன் பொறாமையில எதையாவது சொன்னா அதை நீங்க வேதவாக்கா எடுத்துக்குவீங்களா, அந்த எட்மண்ட் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா... அப்பா, என்றான் ஜாய்சன் மெல்ல. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், குழம்பிப்போன மாதிரி இருந்தது. சார், அவர் தப்பா ஒண்ணுமே சொல்லலையே, ரொம்ப உசத்தியாத்தான் சொல்லியிருக்கார், கௌரவமான குடும்பம், கடன்காரங்க வாசல்ல வந்து நின்னதே கிடையாது, கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கலாம்னு சொல்லியிருக்கார். பிறகு? சாரோட பையன் பெரிய கம்பெனியில சீனியர் மேனேஜர், போன வருஷம்தான் பதவி உயர்வு வந்துச்சு, தினமும் சோழிங்கநல்லூர் போறார், கம்பெனி வண்டியே மெயின் ரோட்டுக்கு வந்து ஏத்திட்டுப் போகும், அதனாலதான் கார் வீட்டுலயே நிக்குதுன்னு சொல்லியிருக்கார். விண்ணப்பத்துல வீட்டுலேர்ந்து சொந்தத் தொழில்னு போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா எங்க மேலிடத்துல பொய்த் தகவல்னு எடுத்துக்குவாங்க சார்.

கம்பெனி வண்டி. அந்த வண்டி மெயின் ரோட்டில் எந்த நாளும் வந்ததில்லை, அது தேவானந்தத்தின் வாயிலிருந்து வந்த வண்டி, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, காரை ஏன் வீணா ஓட்டணும் எட்மண்ட், கம்பெனியிலேயே வண்டி அனுப்பறான் என்று அவர் சொன்னது, அதை அப்படியே, ஒரு வார்த்தை குறையாமல்... பதவி உயர்வும்தான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்து, மகன் ஜாய்சனுக்குக் கிடைத்த உயர் பதவிக்காக என்று எழுதிக் கொடுத்தார், போதகர் சபை முழுக்கக் கேட்க வாசித்தார், எட்மண்ட் இரண்டு வரிசை தள்ளி ஆமென் சொன்னான், தேவானந்தத்துக்குப் பக்கத்தில் ஜாய்சன் தலையைக் குனிந்திருந்தான், ஜெபத்துக்குத்தான் குனிகிறான் என்று... காணிக்கையில் சொன்னதைத் தேர்தலில் தோற்றவன் நம்பினான், நம்பி, வங்கிக்காரனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ரொம்ப நேரம் பெருமையாகப் பேசியிருக்கிறான், அட பாவி, எதற்காக நல்லவனாக இருந்து தொலைத்தாய், ஒரு வார்த்தை பொறாமையாகப் பேசியிருந்தால் நான் இப்போது உன் சட்டையைப் பிடித்திருப்பேனே. எட்மண்ட் ஏன் அப்படிச் சொன்னார் என்று அந்தப் பெண் கேட்டாள். தேவானந்தம் மேசைக் கண்ணாடியைப் பார்த்தார். ஜாய்சன்தான் சொன்னான், அவருக்கு விஷயம் தெரியாது மேடம், நாங்கதான் யார்கிட்டயும் சொல்லல, எங்க தப்புதான். நாங்க. எங்க. அப்பாதான் என்று சொல்லவில்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. சரி, நாளைக்கு ஆளை மறுபடி அனுப்பறேன், அதே வீட்டுலதான் கேட்பாங்க, அதுக்குள்ள அவருக்கு உள்ளதைச் சொல்லிடுங்க சார், இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது என்றாள் ஹேமாவதி, கடைசி வாக்கியத்தைத் தேவானந்தத்தைப் பார்த்துச் சொன்னாள், புரிந்துகொண்டுவிட்டாளா?

திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார், கேம்ப் ரோடு நெரிசல், பேருந்து, ஹாரன், முன்னால் மகனின் தலைக்கவசம், முகம் தெரியவில்லை, அதுவும் நல்லதுதான். நான் போய்ச் சொல்லட்டுமாப்பா என்று வண்டியை எடுக்கும்போது கேட்டான், வேண்டாம், நானே சொல்றேன் என்று கத்திவிட்டார், வாகனம் நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். சொல்லத்தான் வேண்டும், கேட்டில் நின்று சொல்லக் கூடாது, உள்ளே போய், உட்கார்ந்து, நிமிர்ந்து சொல்ல வேண்டும், எட்மண்ட், ஒரு விஷயம்... இல்லை, அப்படி ஆரம்பித்தால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது. எட்மண்ட், ஜாய்சன் இப்ப கம்பெனியில இல்ல. அதைச் சொல்லிவிடலாம். ஓ, அப்ப தம்பி இன்னா பண்றாரு அண்ணே என்பான், நிச்சயமாகக் கேட்பான், அவன் கேட்காவிட்டாலும் நாளைக்கு வருகிற பொடியன் அவனிடம் கேட்பான். ஜாய்சன் இப்ப சொந்தமா... வெளிநாட்டுக்காரங்களுக்கு... கம்ப்யூட்டர்ல... தேவானந்தம் அந்த வாக்கியத்தை முடிக்கப் பார்த்தார், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார், அதே இடத்தில் வந்து நின்றது. இரண்டு வருடமாகத் தலைக்கு மேலே அந்த அறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது, சிரிப்பு கேட்கிறது, ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிச் சொல்கிற குரல் கேட்கிறது, அந்த வருமானத்துக்கு வரி கட்டுகிறான், வீடு வாங்கப் போகிறான், அது என்ன வேலை? ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டி நின்றது. ஜாய்சா, என்றார். சத்தத்தில் கேட்கவில்லை போல, அல்லது கேட்டதோ என்னவோ, தலைக்கவசம் லேசாகத் திரும்பிய மாதிரி இருந்தது, என்னப்பா என்று சொன்ன மாதிரியும் இருந்தது, பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்கினான், அவனைத் திரும்பி முறைத்தார், முறைத்துவிட்டு முன்னால் பார்த்தபோது, கேட்க வேண்டியதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.