அந்த நம்பருக்குரிய வண்டி

என் வீட்டுக்காரருக்குக் கல்யாணம் ஆனது என்னோடு. குடித்தனம் நடப்பது லாரியோடு. இதைப் பொறாமையில் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். பழைய டர்போ லாரி ஒன்றை வாங்கி வந்தார். வந்த நாளிலிருந்து அதைத் துடைப்பதும் தடவுவதும்தான் மனிதருக்குப் பிழைப்பு. நான் கதவைத் தொட்டால்கூட, கைரேகை பதியுது, தள்ளி நில்லு என்பார். வண்டி விஷயத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அதன் முன்பக்கத்துப் பம்பரைப் புதிதாக மாற்றியிருந்தார். பின்னால் நம்பர் பிளேட் ஒழுங்காக இருந்தது. முன்னால் மாட்ட வேண்டிய பிளேட் மட்டும் கூடத்தில் டிவி பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. பம்பரில் ஓட்டை போட அவருக்கு மனசு வரவில்லை. நடுவில் மாட்டினால் காற்றுப் போகும் வழி அடைபட்டு டர்போவுக்கு மூச்சு முட்டுமாம். ஓரத்தில் மாட்டினால் மூஞ்சி கோணிப்போகுமாம். சளி பிடித்து எனக்கு மூச்சு முட்டியபோது இந்த மனிதர் ஒரு தைலம்கூட வாங்கி வரவில்லை.

வாரக்கணக்கில் சும்மா நின்ற வண்டிக்கு ஒருவழியாக மாட்டுத் தீவன ஆலையில் ஓட்டம் கிடைத்தது. முதல் நாளே ஒரு நடை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டம் வேறு ஆளுக்குப் போய்விடும். முன்னால் நம்பர் இல்லாத வண்டிக்குக் கேட் திறக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்போதும் இவர் ஓட்டை போடவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் வாங்கி வந்து ஒட்டினார்.

இந்த ஓட்டம் போனால் வண்டியை விற்க வேண்டியதுதான். வண்டியை விற்றால் இவர் சோறு இறங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அதைப் பார்க்க என்னால் முடியாது. நானும் வருகிறேன் என்று கிளம்பினேன்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறு" என்றார்.

வழியில் பிளேட் இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் நான்தான் இறங்கி ஓடிப் பொறுக்கி வந்தேன். ஆலை கேட்டில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். அது முன்னால் இருக்கும் நம்பரைப் படித்தால் தடுப்புக் கட்டை தானாக மேலே போகும். சரியாக அதன் முன்னால் போய் நின்றதும் பிளேட் மறுபடி விழுந்தது. பின்னால் நின்ற லாரிகள் ஹாரனை அமுக்க, இவர் டேப்பை எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம். பிளேட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றேன்.

கட்டை மேலே போனது. லாரி பின்னாலேயே வரும் என்று நம்பி நாலு எட்டு உள்ளே நடந்தேன். அவர் ஏறி உட்கார்ந்து கிளப்புவதற்குள் கட்டை இறங்கிவிட்டது.

செக்யூரிட்டி தங்கமான ஆள். என் கையில் ஒரு டோக்கனைக் கொடுத்து, நேராக எடை மேடைக்குப் போகச் சொன்னார். ஐயா, வண்டி வெளியே நிற்கிறது என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"வண்டி உள்ள வந்துடுச்சும்மா. மெஷினே சொல்லுது. வெளிய நிக்கிறதுக்கு நம்பர் இல்ல. அது யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்படியானால் நான் திரும்பிப் போகிறேன் என்றேன். சரக்கு ஏற்றாமல் எந்த வண்டியும் வெளியே போகக் கூடாதாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கட்டைக்கு அந்தப் பக்கம் நின்ற என் வீட்டுக்காரர், பிளேட்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி எனக்குச் சைகை காட்டினார்.

எடை மேடையில் ஏறி நின்றேன். கண்ணாடி அறைக்குள் இருந்த மேடைக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. நம்பரைச் சொல்லி, 'வெறும் வண்டி' என்று சொல்லி, என் எடையை ஒலிபெருக்கியில் அறிவித்தார். அதை இங்கே சொல்லமாட்டேன். மூட்டை ஏற்றும் ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி நல்ல கண்டிஷன் என்றார் ஒருவர். டயர் இல்லாமல் வந்திருக்கிறதே என்று இன்னொருவர் என் வெறும் காலைப் பார்த்துக் கவலைப்பட்டார். எவ்வளவு தாங்கும் என்று தங்களுக்குள் பேசி முடித்து, ஒரு மூட்டையை என் தலையில் ஏற்றினார்கள்.

தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ஒரு கையால் மூட்டையையும் மறு கையால் பிளேட்டையும் பிடித்துக்கொண்டு வெளியேறும் கேட்டுக்கு நடந்தேன். கழுத்து உள்ளே இறங்கிவிட்டது. அங்கிருந்த கேமராவும் படித்தது, கட்டையும் ஏறியது. முதல் நடை முடிந்தது, நாளைக்கும் இதே மாதிரி நேரத்துக்கு வாங்க என்றார் செக்யூரிட்டி. ஓட்டம் எங்கள் கையை விட்டுப் போகவில்லை.

என் வீட்டுக்காரர் லாரியோடு அந்தக் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். மூட்டையை இறக்கி, அத்தனை பெரிய லாரியின் நடுவில் தன்னந்தனியாக வைத்தார். முன்சீட்டுக்கு அடியிலிருந்து என் செருப்பை எடுத்து வந்து கால்மாட்டில் போட்டார். பக்கத்து டயர் கடையில் டிரில்லை இரவல் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பம்பரில் ஓட்டை போட்டார். பல்லைப் பிடுங்குகிறவர் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவர் முகம். பிளேட் கோணலாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் யானையே வந்து இழுத்தாலும் வராதபடி போல்ட் போட்டு, அதன் தலையையும் நசுக்கிவிட்டார்.

மறுநாள் தனியாகத்தான் கிளம்பினார். நான் குழம்பைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"நீ கொஞ்சம் வரணும். எடை மேடையில நிறுத்தி வச்சிருக்காங்க."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். லாரி மேடையில் நின்றது. ஒரு நம்பருக்குச் சரக்கில்லாத வெறும் எடை ஒன்றுதான், முதல் நாள் பதிந்ததை மாற்ற முடியாது என்று மேடைக்காரர் அடம்பிடித்தார். இந்த நம்பர் வண்டி நேற்று எவ்வளவு அடக்கமாக இருந்தது, ஒரே ராத்திரியில் இப்படி ஊதிவிட்டால் நான் எதை நம்புவது என்று என் வீட்டுக்காரரையே கேட்டார். பிளேட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடலாம் என்று இவர் ஸ்பேனரோடு மல்லுக்கட்டினார். அது அசைந்தால்தானே!

என்னைக் கண்டதும் மேடைக்காரர் முகம் மலர்ந்தது. லாரி பக்கத்தில் ஏறி நிற்கச் சொன்னார். என் எடையைக் கழித்தார். மிச்சத்தை வேறு கணக்கில் சேர்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் பொறுமையாக விளக்கினார்.

"வண்டி இவங்கதான். இந்த லாரி இவங்களுக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங். இவங்க வராம ஃபிட்டிங் மட்டும் தனியா வந்தா உள்ள விடமாட்டோம்."

என் வீட்டுக்காரர் லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டை முனையால் கதவின் கைப்பிடியை ஒருமுறை துடைத்தார். பிறகு கதவை எனக்காகத் திறந்து பிடித்தார்.

"ஏறு" என்றார். "செருப்போடயே ஏறு."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் ஏறினேன்.