வீடு பழக்கியவர்

பாலாடையிலிருந்து இரண்டு சொட்டுப் பாலைக் கணவர் வாயில் விட்டுவிட்டு, அது இறங்குகிறதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள் சோலையம்மாள். வெகுநேரம் யோசித்துவிட்டு இறங்குவதுபோல இறங்கியது. அப்போதுதான் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

வந்தவர் கோட்டைச்சாமி. வீட்டுக்கார சாலா ஆச்சிக்கு வேண்டிய மனிதர். ஆச்சி நெற்குப்பையில் இருந்தாள். காரைக்குடியில் அவளுக்கு இருந்த நாலு வாடகை வீட்டையும் இவர்தான் பார்த்துக்கொண்டார். உள்ளே வந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் உள்ளறை நிலைப்படியோடு நின்றுகொண்டார்.

"எப்பிடி இருக்காரு தங்கச்சி?"

"பாக்குறீகள்ல."

"கஞ்சி கிஞ்சி எறங்குதா?"

"கஞ்சி எறங்குதான்னு கேக்கவா இந்த வெயில்ல வந்தீக? சொல்ல வந்ததச் சொல்லுங்கண்ணே."

கோட்டைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். அறுபத்தெட்டாம் வருடத்துச் சித்திரை வெயில் அவர் சட்டையை முதுகோடு ஒட்ட வைத்திருந்தது.

"ஆச்சி பஞ்சாங்கம் பாக்கச் சொல்லிவிட்டாக. இன்னைக்கு மூணு மணிக்கு மேல அடைப்புப் பொறக்குது. அஞ்சு நாளைக்கு விடாது. அதுக்கு முந்தி…"

சோலையம்மாளுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அடைப்பு நட்சத்திரத்தில் வீட்டுக்குள் ஒரு உயிர் போனால், உடம்பை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. சுவரை இடித்து வழி பண்ணித்தான் எடுக்க வேண்டும். உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். மீறி அதில் புழங்கினால் அந்த வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்பார்கள். அப்புறம் அந்த வீட்டுக்கு யார் குடி வருவார்கள்?

இதெல்லாம் கட்டிலில் கிடந்த தங்கச்சாமிக்குத் தெரிந்த அளவுக்குக் காரைக்குடியில் வேறு யாருக்கும் தெரியாது. அவர் வீட்டுத் தரகர். மற்ற தரகர்கள் வீட்டைக் காட்டுவார்கள், இவர் வீட்டைப் பழக்குவார். தூக்கு மாட்டிக்கொண்ட வீடு, பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போன வீடு, அடைப்பில் சுவர் இடித்த வீடு என்று பேர் கெட்டுப்போன வீடுகளை எவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். அப்படி ஒரு வீட்டுக்குத் தங்கச்சாமி பெண்டாட்டி பிள்ளையோடு போய் ஒரு வருடம் குடியிருப்பார். வாடகை கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல் வைத்து, தீபாவளிக்குப் பலகாரம் சுட்டு, தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தனுப்பச் சொல்வார். வருடம் திரும்பியதும், "நானே புள்ளகுட்டியோட இருந்தேன். ஒரு தலவலி வந்ததில்ல" என்று சொல்லி, ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து குடி வைத்துவிட்டு, அடுத்த கெட்ட பேர் வீட்டுக்கு மூட்டை கட்டுவார்.

சோலையம்மாளுக்கு இது பத்தொன்பதாவது வீடு. ஒரு வீட்டிலும் அவள் கறிவேப்பிலைக் கன்று வைத்து இலை பறித்ததில்லை.

"வெள்ளிக்கெழம வாத்தியார் பால் காச்சுறாரு," என்றார் கோட்டைச்சாமி. "அவரு பொஞ்சாதிக்கு ஏழு மாசம். ஒங்க வீட்டுக்காரரு வாயால சொல்லி அழச்சுக்கிட்டு வந்த குடி. அரியக்குடியில தம்பி வீடு இருக்குல்ல? ரெண்டு மணிக்கு முத்துவீரன் வண்டியக் கொண்டாருவான்."

"உசுரோட கெடக்குற மனுசன இந்த வெயில்ல அள்ளிப்போட்டுக்கிட்டுப் போகவா?"

"நானா சொல்றேன்? இவரு எத்தன பேருக்கு வண்டி கொண்டுபோயி நிறுத்துனவரு. முத்தழகு புருசன…"

அதோடு நிறுத்திக்கொண்டார். சோலையம்மாள் பாலாடையைத் தரையில் வைத்தாள். சாகக் கிடந்த புருசனை ஏற்றத் தங்கச்சாமி கொண்டுபோன வண்டியைப் பார்த்ததும் முத்தழகு தெருமண்ணை வாரி இவர் மேல் தூற்றியது ஊருக்கே தெரியும். தலையில் மண்ணோடு வீட்டுக்கு வந்தவருக்கு அன்று அவள்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

"வண்டி வரட்டும். ஆனா ஏறமாட்டாரு," என்றாள். "ஆச்சிக்கிட்ட அப்பிடியே சொல்லுங்க."

அவர் போனதும் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. காய்ந்த ஓலையை இழுக்கிற மாதிரி ஒரு குரல்.

"வண்டி வந்துருச்சா?"

"காது மட்டும் நல்லாக் கேக்குதாக்கும்."

"கெளம்பணும், சோலை."

"எங்க? பத்தொம்பது வீட்டுக்கு ஒங்க பின்னால சட்டிபானையத் தூக்கிக்கிட்டு வந்தேன். ஏன்னு ஒரு நா கேட்டேனா? இந்த ஒரு வீட்ட விட்டு வரமாட்டேன். நீங்களும் போகமாட்டீக. மனுசன்னு பொறந்தவரு ஒரு கூரைக்குக் கீழதான் கண்ண மூடணும்."

தங்கச்சாமி கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்தார். முன்பு குடியிருந்தவர் தொங்கிய உத்தரம் அது.

"இங்கன நான் செத்தா இந்த ஒரு வீடு மட்டுமில்லடி. 'தரகனையே எடுத்துருச்சு'ம்பாக. பழக்கிவிட்ட அம்புட்டு வீட்டுலயும் ராத்திரி தூங்கமாட்டாக." மூச்சு வாங்கிக்கொண்டார். "பதினெட்டு வீட்டுக்காரனும் பாடைய மறிப்பான்."

"மறிக்கட்டும். அப்பவாச்சும் ஒரு எடத்துல நிப்பீக."

அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்புதான் அது. முப்பது வருடமாகப் பார்த்த சிரிப்பு அவளுக்குத் தெரியாதா?

"வாக்குக் குடுத்துட்டேன், சோலை. சாவு விழாம ஒப்படைக்கிறேன்னு ஆச்சிக்கிட்ட. அந்தப் புள்ளத்தாச்சிக்கிட்டயும்தான். அது பயந்துச்சு. நான்தான் தைரியம் சொன்னேன்."

அவள் விசிறியை எடுத்து வீசினாள்.

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. மகன் பூமிநாதன் செக்காலை ஜவுளிக்கடையிலிருந்து அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். "ஆத்தா, முத்துவீரண்ணன் நிக்கிறாரு" என்றான்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லு."

"காட்டியாச்சு."

"இன்னொருக்காக் காட்டச் சொல்லு."

பூமிநாதன் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், வெளியே போனான்.

"மணி என்ன?" என்றார் தங்கச்சாமி.

அலமாரியில் இருந்த டைம்பீஸ் மூன்றாகப் பத்து நிமிஷம் காட்டியது.

"ரெண்டே ஆகல. கண்ண மூடிப் படுங்க."

அவர் நம்பினாரா இல்லையா, கண்ணை மூடிக்கொண்டார். அவள் விசிறிக்கொண்டே பேசினாள். பேசிக்கொண்டே இருந்தால் மூச்சு நிற்காது என்று ஒரு நினைப்பு. ஏழாவது வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தது, பதினோராவது வீட்டில் பூமிநாதனுக்கு அம்மை போட்டபோது தெருக்காரர்கள் வீட்டைத்தான் குறை சொல்வார்கள் என்று வேப்பிலையைக் கூட வாசலில் சொருக விடாமல் அவர் ஒளித்து வைத்தது. "அன்னைக்கு ஒங்கள நான் என்ன வசவு வஞ்சேன், ஞாபகமிருக்கா?" என்று கேட்டாள்.

மூச்சு வெளியே போனது. உள்ளே வரவில்லை.

அவள் விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். அலமாரியில் டைம்பீஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று அடித்துப் பன்னிரண்டு நிமிஷம்.

வாயைத் திறந்து ஒரு குரல் அழுதால் போதும், தெரு திரண்டுவிடும். இந்தத் தரையில் அவரைக் கிடத்துவார்கள். இந்த முற்றத்தில் குளிப்பாட்டுவார்கள். அந்தச் சுவரை இடித்து, முறைப்படி எடுத்துப்போவார்கள். அப்புறம் ஆறு மாதம் இந்த அறைக்குப் பூட்டு. ஆச்சி வந்தாலும் திறக்க முடியாது. ஆறு மாதம், ஊர் அறிய, இது அவருடைய அறை.

சோலையம்மாள் முந்தானையை எடுத்து வாய்க்குள் திணித்துக் கடித்தாள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ. பிறகு அதை எடுத்து அவர் உதட்டோரம் இருந்த பாலைத் துடைத்தாள். எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"பூமி, வண்டியத் திருப்பச் சொல்லு. அய்யா கெளம்பணுங்கிறாரு."

தலைப்பக்கம் அவள், கால் பக்கம் முத்துவீரன், நடுவில் பூமிநாதன். முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கியவன் அப்படியே நின்றான். அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"மெதுவாத் தூக்குய்யா," என்றாள். "அய்யாவுக்கு வலிக்கும்."

அவன் கண் அவள் முகத்திலேயே நின்றது. பிறகு, "சரி ஆத்தா" என்றான்.

வாசல் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். எதிர்வீட்டுச் சின்னத்தாயி ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, போயிட்டு நல்லபடியா வாங்கண்ணே! தூங்குறாகளா அக்கா?"

"இப்பத்தான் கண்ணு அசந்தாரு. எழுப்பாத."

வைக்கோல் மேல் விரித்த சமுக்காளத்தில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாடையைக் கட்ட முடியாது. கட்டினால் தெரிந்துபோகும். அதனால் உள்ளங்கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சுகிற மாதிரி இருந்திருக்கும்.

ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. கேட் போட்டிருந்தது. சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். தாலுகா ஆபீஸ் நாகநாதன். இரண்டு மாதமாக வீடு தேடுகிறவன்.

"அடடா, தரகர் மாமா! என்னத்தே, ஒடம்புக்கு முடியலையா?"

"ஆமா தம்பி. அரியக்குடிக்குப் போறோம்."

"மாமா, அந்தக் கழனிவாசல் வீடு இன்னும் சும்மாத்தான் கெடக்கா?"

"அவரால பேச முடியல தம்பி."

"ஒரே ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கத்தே. வாசல் தெக்க பாத்ததா, கெழக்க பாத்ததா? எங்கம்மா தெக்க பாத்த வாசல்னா காலே வைக்காது."

முன்னால் உட்கார்ந்திருந்த பூமிநாதன் திரும்பவில்லை. அவன் முதுகு மட்டும் விறைத்தது. சோலையம்மாள் குனிந்தாள். அவர் காதுக்குள் வாயை வைத்து, "கெழக்கயா?" என்றாள். காது மடல் இன்னும் சூடாகவே இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கெழக்க பாத்த வாசலாம்."

"அதான் வேணும். மாமா சொன்னாச் சரியா இருக்கும்," என்று நாகநாதன் சிரித்தான். "ஒடம்பத் தேத்திக்கிட்டு வாங்க மாமா!"

ரயில் தடதடவென்று போனது. கேட் தூக்கினார்கள். நாகநாதன் ஒரு பக்கம் மிதித்துப் போனான். வண்டி தண்டவாளத்தைத் தாண்டிக் குலுங்கி, ஆள் நடமாட்டமில்லாத ரோட்டுக்கு வந்ததும், சோலையம்மாள் முகவாயிலிருந்து கையை எடுத்தாள். வாய் திறந்துகொண்டது.

"பூமி, அய்யா போயிட்டாருடா!"

அதற்குப் பிறகு வந்த அழுகையை அவளால் நிறுத்த முடியவில்லை. முத்துவீரன் வண்டியை நிறுத்தித் தலைத்துண்டை அவிழ்த்தான். வெயிலை அண்ணாந்து பார்த்து, "மூணே முக்கா இருக்கும்" என்றான், யாரும் கேட்காமலே.

அரியக்குடியில் தம்பி சின்னச்சாமி வாசலை மறித்துக்கொண்டு நின்று அழுதார். "வெளிய போன உசுரு அண்ணி… வீட்டுக்குள்ள கொண்டாரப்படாதுன்னு பெரியாளுக…"

"நான் கேக்கலய்யா," என்றாள் சோலையம்மாள்.

வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். தேவகோட்டையிலிருந்தும் மானாமதுரையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வர வேண்டியிருந்ததால் எடுப்பது மறுநாள் சாயங்காலம் என்று ஆனது.

மறுநாள் காலையில் கோட்டைச்சாமி ஆச்சி கொடுத்தனுப்பிய மாலையோடு வந்தார். போட்டுக் கும்பிட்டுவிட்டு, பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த சோலையம்மாள் பக்கம் வந்து குந்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆச்சி கேக்கச் சொன்னாக தங்கச்சி. தப்பா நெனைக்காத. உசுரு எங்கன…?"

அவள் தலையைத் தூக்கவில்லை. பின்னாலிருந்து பூமிநாதன் சொன்னான்:

"கேட்டுக்கு அங்குட்டு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு மனுசன்," என்றார் கோட்டைச்சாமி. அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. "வாத்தியாருக்கும் சொல்லிவிடுறேன். அந்தப் புள்ள நேத்துலருந்து ஒரே அழுகையாம். இனிமே நிம்மதியா வரும். ஒங்க சாமானெல்லாம் வண்டியில அனுப்பிவிடுறேன். ஒனக்கு வேற என்ன வேணும்? சொல்லு."

"ஒண்ணும் வேணாம்ண்ணே."

அவர் எழுந்தார். நாலு எட்டு வைத்தவரை அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த உள்ரூம்புல அந்தப் புள்ளயப் படுக்க வைக்க வேணாம்னு வாத்தியார்ட்டச் சொல்லுங்க. சாமான் போட்டுப் பூட்டி வச்சுக்கிறட்டும். ஒரு ஆறு மாசம்."

கோட்டைச்சாமி திரும்பி அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி?"

"காத்து வராது."

அவர் பூமிநாதனைப் பார்த்தார். பூமிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சொல்லிர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டைச்சாமி நடந்தார்.

வெயில் ஏறியது. வேப்பமரத்து நிழல் விலகி, பெஞ்சில் கால் பக்கம் வெயில் விழுந்தது. சின்னச்சாமி இரண்டு பேரைக் கூப்பிட்டு, தலைப்பக்கம் ஒருவர் கால்பக்கம் ஒருவராகப் பெஞ்சைத் தூக்கி நிழலுக்குள் நகர்த்தி வைத்தார். சோலையம்மாளும் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று தடவை தூக்கி வைக்க வேண்டியிருந்தது.