நான் விட்டெழுதிய வாக்கியம்

“பாக்கியம், இதை வடிவா ஒருக்கால் எழுதித் தாரும். பேரை மட்டும் தம்பிமுத்து எண்டு போடும்.”

என் கணவர் பஞ்சலிங்கம் கட்டுரைத் தாளைச் சமையலறைப் பலகையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளின் தலையில் ‘சமத்துவம்’ என்றும், கீழே ‘உடையப்பன்’ என்றும் இருந்தது.

“இது அந்தச் செமோர்த் தோட்டத்துப் பெடியன் எழுதினதெல்லே?”

“எழுதினது அவன்தான். பேசப்போறது உம்மட தம்பி. சங்கக் கூட்டத்துக்கு ஆர் ஆர் வருகினம் எண்டு தெரியுந்தானே? றப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்காரியின்ர மகன் மேடையில ஏறினால் பாதிப்பேர் எழும்பிப் போயிடுவினம்.”

“தலைப்புச் சமத்துவம் எண்டு கிடக்கு.”

“அதாலதான் சொல்லுறன். நல்ல பேச்சு வீணாகக் கூடாது.”

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. அதைக் கிளறினேன். நான் காட்டிய எதிர்ப்பு அவ்வளவுதான்.

அது 1929. சிங்கப்பூர்க் கல்லூரியில் படித்த ஆறு தமிழ்ப் பிள்ளைகள், என் தம்பி தம்பிமுத்து உட்பட, விடுமுறைக்கு மலாயாவில் ஈப்போ பக்கம் வந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுவார்கள்; தமிழில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. என் கணவர் எங்கள் விறாந்தையில் அவர்களுக்குக் கட்டுரையும் மேடைப்பேச்சும் கற்பித்தார். கண்ணால் கண்ட ஒன்றில் கட்டுரையைத் தொடங்க வேண்டும். எழுதியவனே பேச வேண்டும், இரவல் பேச்சுக்காரனுக்கு எங்கே மூச்சு விடுவதென்று தெரியாது. இவை அவருடைய விதிகள். பேச்சுப் பழக்கத்துக்கு ஒவ்வொருவரும் முற்றத்தில் நின்று, கத்தாமல், விறாந்தைக் கடைசி நாற்காலிவரை குரல் எட்டப் பேச வேண்டும். உடையப்பன் மட்டும் அதைக் கிணற்றடியில் நின்று செய்தான்.

“மச்சான் கெணத்துக்கே பிரசங்கம் பண்றான்டா. தவளையெல்லாம் கைதட்டுது!” என்பான் அவர்களில் ஒருவனான ராஜு. உடையப்பனும் சேர்ந்து சிரிப்பான்.

கிணற்றடியில் அவனை யாரும் நிறுத்தவில்லை. அவனுடைய குவளை அங்கே இருந்தது. மற்ற ஐவருக்கும் வாய் படாமல் குடிக்கும் எங்கள் ஊர்ப் பித்தளை மூக்குப்பேணியில் கோப்பி கொடுப்பேன். அவனுக்கு ஒரு தகரக் குவளை. கோப்பியை மேலிருந்து ஊற்றுவேன். குடித்ததும் அவனே கழுவி மாட்டிவிடுவான். அது தொங்கும் ஆணியை அடித்தவள் நான். ஒருவரும் சொல்லி அடிக்கவில்லை.

சமத்துவம் பற்றி எழுதச் சொன்னபோது ஐந்து பேர் மானிட குலம், ஞாலம் என்று தொடங்கினார்கள். உடையப்பன் ஆசிரியர் சொன்னதைச் செய்தான். கண்ணால் கண்டதில் தொடங்கினான். இரண்டு வாக்கியம் எங்கள் விறாந்தை, மூன்றாவது அந்தக் குவளை.

நகல் எடுக்கும்போது அந்த வாக்கியத்தில் பேனா நின்றது. அதை அடிக்கும்படி என் கணவர் சொல்லவில்லை. ஓரத்தில் சரி என்றும் குறிக்கவில்லை. நானாக அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். என் எழுத்து அழகானது. விட்ட இடம் தெரியவில்லை.

கூட்டத்தன்று காலையில்தான் உடையப்பனிடம் சொன்னார்கள்.

“அடுத்த முறை நீ பேசலாம்,” என்றார் என் கணவர்.

“அம்மா வாராங்க சார். தோட்டத்துலேருந்து பொறப்பட்டிருப்பாங்க,” என்றான்.

மண்டபத்தில் பெண்கள் பக்கம் நான் இருந்தேன். வாசலுக்கு வெளியே அவனும் அவன் தாய் இருளாயியும் நின்றார்கள். அவள் சேலை புதிது. விரல் நகங்களில் பால் கறை கறுத்திருந்தது. தம்பிமுத்து பேசத் தொடங்கினான். முதல் வாக்கியம், இரண்டாவது வாக்கியம். மூன்றாவதில் வாசலிலிருந்து ஒரு குரல்:

“தம்பி, நடுவுல ஒன்ன விட்டுட்டீங்களே!”

மண்டபம் திரும்பியது.

“‘எங்க வகுப்புல ஆறு பேரு’ன்னு வரும். ‘அஞ்சு பேருக்குப் பித்தளப் பேணி, எனக்குக் கெணத்தடி ஆணியில தகரக் குவள.’ அப்பறந்தான் நீங்க சொன்னது வரும். மர நெறையில நான் பால் வெட்டயில எம் மவன் தெனம் சொல்லிக் காட்டுவான். எனக்கு மனப்பாடம்.”

பரிகாசம் அவள் குரலில் இல்லை. உண்மையாகவே தம்பிமுத்துவுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

“யாரது? வெளியே போகச் சொல்லுங்க,” என்றார் தலைவர்.

“வெளியதாங்க நிக்கிறேன்,” என்றாள் இருளாயி.

தம்பிமுத்து தாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் கணவரும் பார்த்தார். விட்டது யார் என்று அந்த நேரம் எங்கள் மூவருக்கும் தெரிந்தது. தம்பிமுத்து தொண்டையைக் கனைத்துவிட்டு மேலே பேசினான். முடிவில் பலத்த கைதட்டல்.

மறுநாள் உடையப்பன் வந்தான். விறாந்தைக்கு வரவில்லை, கிணற்றடியிலேயே நின்றான். நான் மூக்குப்பேணியில் கோப்பி நிரப்பி அவனிடம் நீட்டினேன்.

“குடியும் தம்பி.”

அவன் பேணியைப் பார்த்தான். கை நீளவில்லை.

“வேணாம்மா. இப்ப குடிச்சா நான் எழுதுனது பொய்யாயிரும்.”

ஆணியிலிருந்து குவளையை எடுத்தான். கிணற்று நீரை மொண்டு நிதானமாகக் குடித்தான். கழுவினான். மாட்டவில்லை, கையோடு கொண்டுபோனான். அதன்பின் எங்கள் வீட்டுக்கு அவன் வரவே இல்லை.

என் கணவரும் தம்பியும் இப்போது இல்லை. இதைப் படித்து முகம் சுளிக்க ஆளில்லாத பிறகுதான் எழுத வருகிறது எனக்கு. அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பேச்சைச் சங்கத்தின் ஆண்டு மலரில் தம்பிமுத்துவின் பெயரில் அச்சிட்டார்கள். அச்சகத்துக்குத் தெளிவான பிரதி வேண்டும் என்று கேட்டார்கள். அதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். குவளை உடையப்பனோடு போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

அந்த வாக்கியம் அதிலும் இல்லை.