தகப்பனார் பெயர் என்ற கட்டம்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இதை நான் கதையாக ஆரம்பிக்கவில்லை, மனுவாகத்தான் ஆரம்பித்தேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரமாக மேசை போட்டு மனு எழுதுவது என் பிழைப்பு. மனு பாய் என்று கேட்டால் கை காட்டுவார்கள். கதை எழுதுவது என் கிறுக்கு. இரண்டும் கலந்துவிடக்கூடாது என்று இருபது வருடம் ஜாக்கிரதையாக இருந்தேன். இன்று மதியம் கலந்துவிட்டது.

(மனுவில் குழப்பம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கதையில் அந்தத் தொல்லை இல்லை என்ற நப்பாசையில்தான் இங்கே வந்தேன்.)

2

'எழிலரசிக்கு இரண்டு அப்பாக்கள்.' வேண்டாம். சினிமா விளம்பரம் மாதிரி இருக்கிறது.

'எல்லையில் பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த' — இதுவும் வேண்டாம். நான் பனியைப் பார்த்ததே இல்லை.

'எழிலரசி சித்தப்பா என்று கூப்பிடுகிறாளே, அவர்தான் அவளைப் பெற்றவர்.' இது இருக்கட்டும்.

புகழேந்தி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது பெண்ணாக எழிலரசி பிறந்தபோது அவர் வடக்கே இருந்தார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் சோடா கடை வைத்திருக்கும் அண்ணன் தருமனுக்கும் அண்ணி சரோஜாவுக்கும் பிள்ளை இல்லை. லீவில் வந்தவர் மூன்று மாதக் குழந்தையைத் தூக்கி அவர்கள் கையில் கொடுத்தார். பத்திரம் கித்திரம் எதுவும் எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்குப் பத்திரம்? பள்ளியில் சேர்க்கும்போது தருமன் தன் பெயரைச் சொன்னார், வாத்தியார் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து தகப்பனார் பெயர்: தருமன்.

3

இப்போது எழிலரசிக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் என்கிறாள். வாங்கிய மார்க்குக்குப் பொதுப்பட்டியலில் இடம் கிடைக்காது. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் கிடைக்கும். அதற்கு ஒரு சான்று வேண்டும்.

முன்னாள் படைவீரர் ஆபீஸில் சான்று கொடுக்கும் அம்மா நல்ல மனுஷி. ஓய்வு பெறும்போது ராணுவம் கொடுத்த புகழேந்தியின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிள்ளைகள் பகுதியில் எழிலரசி பெயர் பிறந்த தேதியோடு இருந்தது. ராணுவப் பதிவில் பதினெட்டு வருடமாக இருந்திருக்கிறது.

பெற்றவர் யார் என்று எழிலரசிக்குத் தெரியும்; தன் பெயர் அங்கே இருப்பது தெரியாது. [அவள் அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அழவில்லையாம். தன் பெயரை விரலால் தேய்த்துப் பார்த்தாளாம்.] கொடுத்துவிட்டேன் என்று சொன்ன மனிதர், கொடுக்காமலும் வைத்திருந்திருக்கிறார். இதற்குச் சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"ஸ்கூல் சர்டிபிகேட்ல வேற பேரு இருக்கேம்மா," என்றாராம் அந்த அம்மா. "உங்க பெரியப்பா ஒரு லெட்டர் குடுக்கட்டும். இது எம் பொண்ணு இல்ல, தம்பி பொண்ணு, சேக்கும்போது தப்பா சொல்லிட்டேன்னு. இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள வந்தா, மிச்சத்த நான் பாத்துக்கறேன். நாளைக்கு லிஸ்ட்டு போயிடும்."

அரசாணையை நானும் படித்திருக்கிறேன். மகன், மகள் என்று இருக்கிறது. ஊரைவிட்டுப் போன சிப்பாயின் பிள்ளையை யார் தூக்கி வளர்த்தார்கள் என்ற பேச்சு அதில் இல்லை. எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. நானாக இருந்தாலும் ஒரு கட்டம்தான் போட்டிருப்பேன். ஆனால் தருமனை அந்தக் கட்டத்துக்கு வெளியே தள்ளவும் மனசு வரவில்லை.

4

அண்ணன், தம்பி, எழிலரசி மூவரும் என் மேசைக்கு வந்தார்கள்.

"நான் கேக்கலண்ணே, கவர்மென்ட்டு கேக்குது," என்றார் புகழேந்தி, மூன்றாவது தடவையாக.

"சரிடா, எத்தினி வாட்டி சொல்லுவ? பாய், நீங்க எழுதுங்க," என்றார் தருமன்.

எழுதினேன். 'தருமன் ஆகிய நான் எழுதிக் கொடுப்பது என்னவென்றால், எழிலரசி என்பவர்' — என்பவரா? காய்ச்சல் வந்தால் விடிய விடியத் தோளில் போட்டு நடந்த பிள்ளையை? கசக்கிப் போட்டேன். அடுத்த தாளில் 'வளர்ப்பு மகள்' என்று வந்தது. அதை எழுதினால் தத்துப் பத்திரம் எங்கே என்பார்கள். அதுவும் போயிற்று.

தருமன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு புதுத் தாளை இழுத்து, அடியில் கையெழுத்துப் போட்டார்.

"மேல நீங்களே எழுதிக்குங்க பாய். எனக்குப் படிச்சுக் காட்டாதீங்க. நாளான்னிக்குப் பௌர்ணமி, சரக்கு எடுக்கணும்," என்று எழுந்து பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். பின்னால் ஓடிய புகழேந்தி பாதி வழியில் நின்றுவிட்டார்.

எழிலரசி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"பாய், அவரே எங்கப்பாவா இருக்கணும், சீட்டும் கெடைக்கணும். அந்த மாதிரி உங்களுக்கு எழுத வராதா?"

வரவில்லையம்மா.

5

முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அவள் டாக்டராகி வருகிறாள். தருமன் கூட்டத்தில் ஓரமாக நின்று, "எங்க தம்பி பொண்ணு" என்கிறார், நன்றாகப் பழகிப்போன குரலில். அந்தக் குரலை என்னால் கேட்க முடியவில்லை. அடித்துவிட்டேன்.

அவள் தாளைக் கிழித்துவிடுகிறாள். படிக்கிற நீங்கள் கை தட்டலாம். ஆனால் தன் வாயால் சொல்ல முடியாததற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனிதர், அது வீணாய்ப் போனால் தாங்குவாரா?

புகழேந்தி திரும்பி வந்து — தெரியவில்லை. அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.

மணி ஐந்து இருபது. ஐந்தே முக்காலுக்கு ஆபீஸ் மூடிவிடும். நான் மனு எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழிலரசி எதிரே காத்திருக்கிறாள். எழுதுவது இந்தக் கதையை என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தாளை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். அடியில் 'இப்படிக்கு, தருமன்'. மேலே முழுக்க வெள்ளை. நீங்கள்தான் எழுத வேண்டும். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். தருமன் படிக்கமாட்டார். அவள் படிப்பாள்.